செய்தவர் கைக்கே திரும்பட்டும்: மின்னணுக் கழிவும் உற்பத்தியாளர் பொறுப்பும்

நம் சமையலறையில் இருக்கும் காஸ் சிலிண்டர் யாருடையது? விளையாட்டுக் கேள்வி போலத் தோன்றும். மாசாமாசம் பணம் கொடுப்பது நாம். ஆனாலும் சிலிண்டர் நம்முடையது இல்லை. டெபாசிட் கட்டி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். அதன் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையில் ஏ, பி, சி, டி என்று ஏதோ ஓர் எழுத்தும், பக்கத்தில் இரண்டு இலக்க எண்ணும் எழுதியிருக்கும். அடுத்த பரிசோதனை எந்த வருஷம், எந்தக் காலாண்டுக்குள் நடக்க வேண்டும் என்பதற்கான குறிப்பு அது. சிலிண்டரைச் சோதிப்பது, பழுது பார்ப்பது, காலம் முடிந்ததும் ஒழிப்பது எல்லாமே கம்பெனியின் வேலை. காலி சிலிண்டரை எங்கே போடுவது என்று எந்த வீட்டிலும் யாரும் கவலைப்பட்டதில்லை.

இதே கேள்வியை வீட்டில் இருக்கும் டி.வி., ஃபிரிட்ஜ், கம்ப்யூட்டர், செல்போன் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பில் போட்ட நிமிஷத்தோடு கடைக்காரர் கை கழுவிவிடுகிறார். வாரண்டி முடிந்ததும் கம்பெனி கை கழுவிவிடுகிறது. பிறகு அந்தப் பெட்டி யார் பொறுப்பு? நாம் கபாடிவாலாவிடம் இருநூறு முந்நூறு ரூபாய்க்குத் தள்ளிவிட்டு, இடம் காலியானதே என்று நிம்மதிப் பெருமூச்சு விடுகிறோம். அதன் பிறகு என்ன ஆகிறது என்பதைச் சொல்வதும், அதை உண்டாக்கியவரே கடைசிவரை பொறுப்பு ஏற்க வேண்டும் என்ற கொள்கை எங்கே பிறந்தது, நம் நாட்டில் எதுவரை வந்திருக்கிறது என்று விளக்குவதும்தான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

நான் தில்லிக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. உத்தியோகத்தின் பெரும்பகுதி நொய்டாவில், எலெக்ட்ரானிக்ஸ் சாமான்கள் தயாரிக்கும் ஆலைகளில், வெளியிலிருந்து வந்திறங்கும் உதிரிபாகங்களைப் பரிசோதிக்கும் பிரிவில் கழிந்தது. அந்த அனுபவத்தையும் ஆங்காங்கே சேர்த்துச் சொல்கிறேன்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும் டி.வி.யால், மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டரால் நமக்கு விஷம் ஏறிவிடாது. உள்ளே இருக்கும் பொருள்கள் கண்ணாடிக்குள்ளும் பிளாஸ்டிக்குக்குள்ளும் அடங்கிக் கிடக்கின்றன. உடைக்கும்போதும், எரிக்கும்போதும், அமிலத்தில் ஊற வைக்கும்போதும்தான் அவை வெளியே வருகின்றன.

பழைய குண்டு டி.வி.யை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் படக்குழாயின் பின்பக்கக் கண்ணாடியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஈய ஆக்ஸைடு. உள்ளே உண்டாகும் எக்ஸ் கதிர்கள் வெளியே வராமல் தடுக்கவே அந்த ஈயம். அதாவது நம் பாதுகாப்புக்காகப் போட்டதுதான். பழைய சர்க்யூட் போர்டுகளில் பாகங்களை ஒட்ட வைக்கும் சோல்டரில் 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம். டியூப் லைட், சி.எஃப்.எல். பல்பு, ஆரம்ப கால எல்.சி.டி. திரைகளின் பின்விளக்கு ஆகியவற்றில் பாதரசம். பழைய கார்ட்லெஸ் போன்களில் இருந்த நிக்கல்-காட்மியம் பேட்டரிகளில் காட்மியம். ஸ்க்ரூக்களுக்கும் தகடுகளுக்கும் துரு பிடிக்காமல் இருக்க ஏற்றிய பூச்சில் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். பிளாஸ்டிக் உறை சட்டென்று தீப்பிடிக்காமல் இருக்கக் கலந்த புரோமின் சேர்மங்கள்.

இவற்றோடு தாமிரம், அலுமினியம், வெள்ளி, கொஞ்சம் தங்கமும் உண்டு. இதே பெட்டியில் காசும் இருக்கிறது, விஷமும் இருக்கிறது. மின்னணுக் கழிவின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும். காசு இருப்பதால் யாராவது அதைத் தேடி வருவார்கள். காசை மட்டும் எடுத்துக்கொண்டு விஷத்தை மண்ணிலும் காற்றிலும் விட்டுவிடுவார்கள்.

சீலம்பூர் போகும் வழி

நம் காலனிகளில் கபாடிவாலா வாங்கிப்போகும் சாமான் சின்னக் குடோன், பெரிய குடோன் என்று கைமாறி, யமுனைக்கு அக்கரையில் உள்ள சீலம்பூருக்குப் போய்ச் சேருகிறது. நாட்டிலேயே பெரிய மின்னணுக் கழிவுச் சந்தைகளில் ஒன்று அது. அந்தச் சந்துகளில் நான் சில தடவை நடந்திருக்கிறேன். ஒரு கடையில் கீபோர்டு மட்டும் மலை போல் குவிந்திருக்கும். அடுத்த கடையில் மதர்போர்டு மட்டும். பெண்களும் பையன்களும் தரையில் உட்கார்ந்து சுத்தியலும் ஸ்க்ரூடிரைவருமாகப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். கையுறை கிடையாது, முகமூடி கிடையாது. சும்மா சொல்லக்கூடாது, அவர்களின் கைத்திறன் அபாரம். எந்த போர்டில் எந்த ஐ.சி. இன்னும் உயிரோடு இருக்கும், எதைக் கழற்றி ரிப்பேர் கடைக்கு விற்கலாம் என்பது பத்து வயசுப் பையனுக்கும் அத்துப்படி.

பிரிப்பதுவரை பெரிய ஆபத்தில்லை என்று சொல்லலாம். அடுத்த கட்டம்தான் கொடுமை. தாமிரத்துக்காக பி.வி.சி. வயரைக் கொளுத்துகிறார்கள். அந்தப் புகையில் டயாக்ஸின் என்னும் கொடிய நச்சு உருவாகிறது. போர்டை அடுப்பின் மேல் காய்ச்சி சோல்டரை உருக்குகிறார்கள். ஈய ஆவி நேராக மூக்குக்குள் போகிறது. தங்கத்துக்காக போர்டை அமிலத் தொட்டியில் முக்குகிறார்கள். மீந்த அமிலம் சாக்கடைக்குப் போகிறது. பித்தளைப் பாத்திரங்களுக்குப் பேர்போன மொராதாபாத்துக்கு லாரி லாரியாக போர்டுகள் போவது பழைய கதை. உலோகம் உருக்கத் தெரிந்த கைகள் அங்கே நிறைய. எரித்து அரித்த பிறகு மிஞ்சும் கறுப்புச் சாம்பலை ராம்கங்கை ஆற்றங்கரையில் கொட்டி, விஷயம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று.

ஈயம் யாரை அதிகம் தாக்கும் என்றால், குழந்தைகளைத்தான். வளரும் மூளையைப் பாதித்து, படிப்பையும் கவனத்தையும் குறைத்துவிடும். இந்த அளவுக்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு என்று சொல்ல ஈயத்தில் எந்த அளவுமே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கழிவு மேடுகளில் வேலை செய்யும், அவற்றின் பக்கத்தில் வாழும் குழந்தைகளைப் பற்றி 2021இல் அந்த நிறுவனம் தனி அறிக்கையே வெளியிட்டது.

அளவு எவ்வளவு என்று கேட்டால், 2022இல் உலகம் முழுவதும் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான். கழிவை உண்டாக்குவதில் சீனா, அமெரிக்காவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு.

ஸ்வீடனில் பிறந்த யோசனை

குப்பை அள்ளுவது நகராட்சி வேலை என்றுதான் உலகம் முழுவதும் நினைத்திருந்தார்கள். 1990இல் ஸ்வீடன் நாட்டின் தாமஸ் லிண்ட்க்விஸ்ட் என்பவர் இதைத் திருப்பிப் போட்டார். ஒரு பொருளின் உள்ளே எது இருக்க வேண்டும், அது எத்தனை வருஷம் உழைக்க வேண்டும், ஸ்க்ரூ போட்டு மாட்டுவதா, பசை போட்டு ஒட்டுவதா என்பதையெல்லாம் முடிவு செய்வது தயாரிப்பாளர். நகராட்சிக்கும் வீட்டுக்காரருக்கும் அதில் எந்தப் பேச்சுரிமையும் இல்லை. ஆகவே, கடைசியில் அதை ஒழிக்கும் செலவும் பொறுப்பும் தயாரிப்பாளர் தலையிலேயே விழ வேண்டும் என்றார். 'விரிவுபடுத்தப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு' என்பது அதன் பெயர். சுருக்கமாக ஈ.பி.ஆர்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. குப்பைச் செலவு தன் தலையில் விழும் என்று தெரிந்தால், டிசைன் செய்யும் மேஜையிலேயே கம்பெனிக்காரர் யோசிக்க ஆரம்பிப்பார். பிரிக்கச் சுலபமாகச் செய்வோம், விஷத்தைக் குறைப்போம், ரிப்பேர் செய்யக்கூடியதாக வைப்போம் என்று புத்தி வரும். அபராதம் வசூலிப்பதைவிட இந்தப் புத்தியை வரவழைப்பதுதான் அந்தக் கொள்கையின் உண்மையான குறி.

அந்தப் புத்தி எப்படி வரும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் சோனி கம்பெனியின் கதை. 2001ஆம் வருஷக் கடைசி. கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடு பிடிக்கும் நேரம். ஐரோப்பாவுக்கு வந்த சுமார் 13 லட்சம் ப்ளேஸ்டேஷன் விளையாட்டுப் பெட்டிகளை நெதர்லாந்து அதிகாரிகள் நிறுத்தி வைத்துவிட்டார்கள். காரணம், கேபிளில் இருந்த காட்மியம் அந்த நாட்டுச் சட்டம் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. கேபிளை சோனி செய்யவில்லை. யாரோ ஒரு சப்ளையர், அவருக்கு யாரோ ஒரு சப்ளையர். ஆனால் பெட்டி மேல் இருந்த பெயர் சோனியுடையது. நஷ்டமும் சோனியுடையது. அதற்குப் பிறகு அந்தக் கம்பெனி தன் சப்ளையர்களை எல்லாம் தணிக்கை செய்து, தேறியவர்களிடம் மட்டுமே சரக்கு வாங்கும் ஏற்பாட்டைக் கொண்டு வந்தது. மற்ற பெரிய கம்பெனிகளும் அதே வழிக்கு வந்தன. பெயர் போட்டவன்தான் பொறுப்பு என்று சட்டம் நின்றதால் நடந்த காரியம் இது.

ஆறு பொருள்கள், ஒரு கணக்கு

ஐரோப்பிய யூனியன் 2003இல் வகுத்து, 2006 ஜூலை 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்த விதி ஆறு பொருள்களுக்கு வரம்பு கட்டியது. ஈயம், பாதரசம், ஆறு இணைதிறன் குரோமியம், இரண்டு வகை புரோமின் சேர்மங்கள் ஆகிய ஐந்துக்கும் எடையில் 0.1 சதவீதம், காட்மியத்துக்கு 0.01 சதவீதம். அதாவது ஒரு கிலோவில் ஒரு கிராம். காட்மியம் என்றால் ஒரு கிலோவில் 100 மில்லிகிராம். நம் நாட்டில் இதே வரம்புகள் 2014 மே 1 முதல் அமலுக்கு வந்தன.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று. 0.1 சதவீதம் என்பது முழுப் பெட்டியின் எடையில் இல்லை. பெட்டியில் தனியாகப் பிரித்தெடுக்கக்கூடிய ஒவ்வொரு பொருளிலும் அந்த வரம்பு. வயரின் மேலுறை தனி, உள்ளே தாமிரம் தனி, ஒவ்வொரு சோல்டர்ப் புள்ளியும் தனி. சாம்பாரில் உப்பு கரிக்கிறது என்று சொன்னால், 'மொத்தச் சாப்பாட்டோடு சேர்த்துப் பாருங்க, உப்பு சரியாத்தான் இருக்கு' என்று சமையல்காரர் சொல்லித் தப்பிக்க முடியுமா? அதே நியாயம்தான்.

ஈயத்தை எடுத்துவிட்டு எதைப் போடுவது? வெள்ளீயத்தோடு கொஞ்சம் வெள்ளியும் தாமிரமும் கலந்த சோல்டர் வந்தது. பழைய சோல்டர் 183 டிகிரியில் உருகும். புதியது உருக 217 டிகிரி தேவை. முப்பத்து நாலு டிகிரிதானே என்று நினைக்கலாம். ஆலையில் அது பெரிய மாற்றம். அடுப்புகளை மாற்ற வேண்டும், அந்தச் சூட்டைத் தாங்காத பாகங்களை மாற்ற வேண்டும், ஆட்களுக்கு மறுபடி பழக்க வேண்டும். 'இதெல்லாம் நடக்கிற காரியமா சார்?' என்று கேட்டவர்கள் நிறையப் பேர். நடந்தது. கெடு வைத்ததால் நடந்தது. சில இடங்களில் மாற்று கிடைக்காததால் விதிவிலக்குகள் இன்றும் உண்டு. ஆனாலும் 2006க்குப் பிறகு வந்த சாமான்களில் ஈயம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

பரிசோதனைப் பிரிவில் எங்களிடம் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி இருந்தது. பொருளின் மேல் வைத்து அழுத்தினால் எக்ஸ் கதிர் பாய்ச்சி, அரை நிமிஷத்தில் உள்ளே என்னென்ன தனிமங்கள் எவ்வளவு என்று சொல்லிவிடும். ஒரு தடவை சிவப்பு வயர் ஒரு லோடு வந்தது. கூடவே அழகான சர்டிபிகேட், லேபாரட்டரி முத்திரை எல்லாம் பக்கா. கருவியை வைத்தால் ஈயம் வரம்பைவிடப் பல மடங்கு. பி.வி.சி. சூட்டில் சிதையாமல் இருக்க மலிவான ஈய உப்பைக் கலந்திருந்தார்கள். சப்ளையர் போனில், 'சர்டிபிகேட் கொடுத்திருக்கோமே சார், அப்புறம் எதுக்கு டெஸ்ட் பண்றீங்க?' என்று கோபித்துக்கொண்டார். லோடு திரும்பிப் போனது. காகிதம் ஒன்று சொல்லும், சரக்கு வேறொன்று சொல்லும் என்பதை அந்த வேலையில் வாரத்துக்கு ஒரு முறையாவது பார்ப்போம். இதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம்ம ஊர் சாட்சிகள்

உண்டாக்கியவரே பொறுப்பு என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் ஏறியதில் நம் தமிழ்நாட்டுப் பாலாற்றுக்கும் பெரிய பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் பாலாறும் கிணறுகளும் கெட்டுப்போன வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கு அது. மாசு செய்தவர்தான் நஷ்ட ஈடும் கட்ட வேண்டும், கெட்ட சூழலைச் சீர் செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. பிறகு வந்த எத்தனையோ சுற்றுச்சூழல் வழக்குகளுக்கு அதுதான் அஸ்திவாரம்.

அதே வட்டாரத்தில் ராணிப்பேட்டையில் ஒரு குரோமேட் தொழிற்சாலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. மேலே சொன்ன ஆறு இணைதிறன் குரோமியம் கலந்த கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் அங்கேயே விட்டுப் போனார்கள். ஆலை போய்விட்டது, மழை பெய்யும்போதெல்லாம் மஞ்சள் தண்ணீர் மட்டும் ஊருக்குள் வந்தது. தயாரிப்பவரிடம் அவர் தொழில் நடக்கும்போதே பொறுப்பை வாங்கிவிட வேண்டும், கடையை மூடிய பிறகு தேடினால் ஆள் கிடைக்க மாட்டார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்னொரு சாட்சி கொடைக்கானல். அமெரிக்காவிலிருந்து பெயர்த்து 1980களில் அங்கே கொண்டுவந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் உடைந்த கண்ணாடி, பாதரசம் ஒட்டியபடியே, ஏழு டன்னுக்கு மேல் ஊருக்குள் ஒரு காயலான் கடையில் கிடந்தது 2001இல் வெளியே வந்தது. ஆலை மூடப்பட்டது. மக்கள் விடாமல் போராடியதில், 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பல் ஏறி மறுசுழற்சிக்காக அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. முன்னாள் தொழிலாளர்களோடு சமரசம் ஏற்பட 2016 வரை ஆயிற்று. கழிவு காயலான் கடைக்குப் போனதும் கம்பெனியின் பொறுப்பு முடிந்துவிடாது என்பதை அந்த மலை ஊர் மக்கள் நிரூபித்துக் காட்டினார்கள்.

சட்டம் நடந்து வந்த பாதை

மின்னணுக் கழிவுக்கென்று இந்தியாவில் தனி விதிகள் 2011இல் வெளியாகி, 2012 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தன. தயாரிப்பாளர்தான் திரும்பச் சேகரிக்க வேண்டும் என்று எழுதினார்கள். எவ்வளவு சேகரிக்க வேண்டும் என்று எழுதவில்லை. பரீட்சை உண்டு, பாஸ் மார்க் கிடையாது என்ற மாதிரி. 2016 விதிகள் அந்தக் குறையைப் போக்க இலக்கு வைத்தன. முதலில் 30 சதவீதம் என்று ஆரம்பித்தார்கள். கம்பெனிகள் முடியாது என்றதும், 2018 திருத்தத்தில் அது 10 சதவீதமாக இறங்கி, வருஷா வருஷம் பத்துப் பத்தாக ஏறும்படி மாறியது.

இப்போது நடப்பில் இருப்பது 2022 விதிகள். 2023 ஏப்ரல் 1 முதல் அமல். முன்பு 21 வகைச் சாமான்கள் இருந்த பட்டியல் 106 ஆக நீண்டது. மிக்ஸி, வாக்குவம் கிளீனர், பொம்மை, சோலார் தகடு எல்லாம் உள்ளே வந்துவிட்டன. இறக்குமதி செய்து விற்பவரும் தயாரிப்பாளர் கணக்கில்தான். இலக்கு முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 60 சதவீதம், அடுத்த இரண்டுக்கு 70, 2027-28 முதல் 80.

முறையும் மாறிவிட்டது. தயாரிப்பாளர் தானே வீடு வீடாகச் சேகரிக்க வேண்டியதில்லை. பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலை எவ்வளவு தங்கம், தாமிரம், அலுமினியம், இரும்பு மீட்டது என்பதை வைத்து மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் சான்றிதழ் உண்டாகும். தயாரிப்பாளர் தன் இலக்குக்கு ஏற்ற சான்றிதழ்களை ஆலையிடம் காசு கொடுத்து வாங்க வேண்டும். இலக்கை எட்டாவிட்டால் சுற்றுச்சூழல் இழப்பீடு கட்ட வேண்டும். அந்தக் காசுதான் ஆலையை லாபத்தில் ஓட்டி, கபாடிவாலாவிடமிருந்து நல்ல விலைக்குச் சரக்கு வாங்கச் செய்யும் என்பது எதிர்பார்ப்பு.

யோசனை நல்ல யோசனை. ஆனால் சிவப்பு வயரின் கதையை ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். சான்றிதழ் என்று ஒன்று விலைக்கு வந்தால், போலியும் கூடவே வரும். 2023இல் பிளாஸ்டிக் கழிவுக்கான இதே மாதிரி ஏற்பாட்டில் ஆறு லட்சம் போலிச் சான்றிதழ்களை வாரியமே கண்டுபிடித்தது. அடுத்த சிக்கல் விலை. ஆளாளுக்குப் போட்டி போட்டுச் சான்றிதழ் விலையை அடிமாட்டு விலைக்கு இறக்கினால், ஒழுங்காக வேலை செய்யும் ஆலைக்குக் கட்டாது. எரிப்பவனுக்கும் அமிலத்தில் முக்குபவனுக்கும்தான் கட்டும். அதனால் 2024இல் அரசு, வீட்டு மின்னணுச் சாமான்களுக்குக் கிலோவுக்கு 22 ரூபாய் என்பது போலக் குறைந்தபட்ச விலையை நிர்ணயித்தது. செலவு தாங்காது என்று சில பெரிய கம்பெனிகள் தில்லி உயர்நீதிமன்றம் சென்றன.

'அந்தச் செலவை நம்ம தலையிலதானே ஏத்துவான்?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஏற்றுவான்தான். பத்துக் கிலோ எடையுள்ள டி.வி. என்றால் 220 ரூபாய். நாற்பதாயிரம் ரூபாய்ச் சாமானில் அது ஒரு பொருட்டா? இன்றும் அந்தச் செலவு இல்லாமல் போகவில்லை. சீலம்பூரிலும் மொராதாபாத்திலும் ஒரு குழந்தை தன் ரத்தத்தில் ஏறிய ஈயமாக அதைக் கட்டிக்கொண்டிருக்கிறது. யார் கட்டுவது நியாயம் என்பதுதான் கேள்வி. சாமானைச் செய்து லாபம் பார்த்தவரும், வாங்கி அனுபவித்த நாமும் பங்கு போட்டுக் கட்டுவதே நியாயம் என்பது என் கருத்து.

பழைய பேட்டரிக்கு மட்டும் ஏன் மரியாதை?

இது நடக்கிற காரியம்தான் என்பதற்கு நம் வீட்டிலேயே அத்தாட்சி இருக்கிறது. இன்வெர்ட்டர் பேட்டரி போய்விட்டால் என்ன செய்கிறோம்? புதுசு வாங்கும் கடையிலேயே பழசைக் கொடுத்து விலையில் கழித்துக் கொள்கிறோம். பழைய பேட்டரியைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2001லேயே விதி வந்தது. உள்ளே இருக்கும் ஈயத்துக்கு விலையும் உண்டு. விதியும் காசும் ஒரே திசையில் இழுத்ததால் பழக்கம் வேரூன்றிவிட்டது. அந்த பேட்டரிகளிலும் ஒரு பகுதி திருட்டுத்தனமாக உருக்கும் இடங்களுக்குப் போகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் எந்த வீட்டிலும் பழைய இன்வெர்ட்டர் பேட்டரி அனாதையாகக் கிடக்கவில்லை.

செல்போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் விதி மட்டும் வந்தது, காசு வரவில்லை. 'எங்கள் சர்வீஸ் சென்டரில் கொண்டுவந்து போடுங்கள்' என்றார்கள். நம் வாசலுக்கே வந்து ரூபாய் நோட்டை நீட்டும் கபாடிவாலாவோடு அந்தப் பெட்டி எப்படிப் போட்டி போடும்? கபாடிவாலாவை விரட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீடு வீடாகச் சேகரிப்பதிலும், பிரிப்பதிலும், ரிப்பேருக்கு உதவுவதிலும் அவர்களை மிஞ்ச யாராலும் முடியாது. அவர்கள் சேகரிக்கட்டும், பிரிக்கட்டும். எரிப்பதும் அமிலத்தில் முக்குவதும் மட்டும் அவர்கள் கைக்குப் போகாமல், நல்ல விலை கொடுத்து ஆலை வாங்கிக் கொள்ளட்டும். அந்த விலை வித்தியாசத்தைக் கொடுப்பதுதான் தயாரிப்பாளரின் பொறுப்பு.

நம் பங்கு

பொறுப்பு தயாரிப்பாளருடையது என்றால் நமக்கு வேலையே இல்லையா? உண்டு. சாமான் அவர் கைக்குத் திரும்பும் வழியை நாம் திறந்துவிட வேண்டும்.

கம்ப்யூட்டர், போனைக் கொடுக்கும் முன் அதில் உள்ள விவரங்களை அழித்து, சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள். டியூப் லைட்டையும் சி.எஃப்.எல். பல்பையும் உடைத்துக் குப்பையில் போடாதீர்கள். வாங்கி வந்த அட்டை உறையிலேயே வைத்துத் தனியாகச் சேர்த்து வையுங்கள். உப்பிப்போன போன் பேட்டரியைக் குத்தாதீர்கள், அமுக்காதீர்கள், தீப்பிடிக்கும். பழைய போன் இரண்டு மூன்று மேஜை டிராயரில் தூங்கினால், இன்னும் ஓடுகிறவற்றை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். ஒரு சாமான் கூடுதலாக உழைக்கும் ஒவ்வொரு வருஷமும் புதுசாக ஒன்று செய்வதைத் தள்ளிப்போடும்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இன்னொரு வசதி உண்டு: சங்கம். பொங்கல் விழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் எத்தனையோ குடும்பங்கள் ஒரே இடத்தில் கூடுகிறோம். போகிப் பண்டிகையை ஒட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய மின்னணுச் சாமான்களைச் சங்கக் கட்டடத்துக்குக் கொண்டுவரச் சொல்லலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்தை வரவழைத்து, எடை போட்டு ஒப்படைக்கலாம். ஒரு வீட்டின் இரண்டு கிலோவுக்காக வர யோசிப்பவர்கள், நூறு வீட்டுச் சாமான் என்றால் வண்டியோடு வந்து நிற்பார்கள். ஒப்படைக்கும்போது அவர்களுடைய பதிவு எண்ணைக் கேளுங்கள், ரசீது வாங்குங்கள். கிடைக்கும் தொகையைச் சங்கத்தின் கல்வி நிதியில் சேர்க்கலாம்.

கடைசியாக, புதுச் சாமான் வாங்கப் போகும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஸ்டார் ரேட்டிங் கேட்கிறோம், வாரண்டி கேட்கிறோம், தள்ளுபடி கேட்கிறோம். கூடவே, 'இது பழசானா உங்க கம்பெனி எப்படி எடுத்துக்கும், எவ்வளவு கொடுக்கும்?' என்று கேளுங்கள். கடைப் பையன் முழிப்பான். பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் மானேஜரிடம் போவான். நூறு பேர் கேட்டால் மானேஜர் கம்பெனிக்கு எழுதுவார். பாலாற்றிலும் கொடைக்கானலிலும் சாதாரண ஜனங்கள் கேள்வி கேட்டதால்தான் நீதிமன்றமும் கம்பெனியும் பதில் சொல்ல நேர்ந்தது.